எப்டிபியில் இறக்கிய படங்கள் பாதி சாம்பலாக வருகின்றன – உதவி தேவை

பாளை அச்சகம்:
அவசரம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டப் படங்களை எப்டிபி (கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பும் முறை) வழியாக சர்வரிலிருந்து இறக்கினேன். ஒவ்வொன்றிலும் தேரின் உச்சி மட்டும் தெரிகிறது; கீழே முழுக்கச் சாம்பல். விழா மலர் இன்றிரவு அச்சேற வேண்டும். என்ன செய்வது?

அம்பை வாசகன்:
எதை வைத்து இறக்கினீர்கள்? விண்டோஸா, லினக்ஸா?

சங்கரன்கோவில்காரன்:
மெமரி கார்டு கெட்டிருக்கும். எங்கள் ஊர் ஸ்டூடியோவிலும் இப்படித்தான் ஆனது.

பாளை அச்சகம்:
சர்வரில் இருப்பதை பிரவுசரில் திறந்தால் படம் நன்றாக இருக்கிறதே!

பேட்டை மூத்தவர்:
அப்படியானால் கார்டைக் குறை சொல்லாதீர்கள். தம்பி, உதவி கேட்பவர் முதலில் தர வேண்டியது கோப்பின் அளவு. இதைக்கூடக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அங்கே எத்தனை பைட், இங்கே எத்தனை?

பாளை அச்சகம்:
அங்கே 42,18,730. இங்கே 42,35,196. விண்டோஸின் கருப்புத் திரையில் எப்டிபி கட்டளை அடித்து இறக்கினேன். சர்வர் லினக்ஸ்.

பேட்டை மூத்தவர்:
கூடியிருப்பது 16,466 பைட். ஏறக்குறைய 256-ல் ஒரு பங்கு. ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள் என்பதால், ஏதோ ஒரு மதிப்பு தற்செயலாக வருவதும் அந்த அளவுதான். அந்தக் கட்டளை, நீங்கள் சொல்லாவிட்டால் உரை முறையில்தான், அதாவது வரி முடிவுகளை மாற்றித்தான், இறக்கும். லினக்ஸில் வரி முடிவு 10 என்ற ஒரே பைட். விண்டோஸில் 13, 10 என்று இரண்டு. படத்துக்குள் தற்செயலாக வரும் ஒவ்வொரு 10-க்கு முன்னும் ஒரு 13 நுழைந்துவிட்டது. எதையும் மாற்றாமல் அப்படியே இறக்க, ‘பைனரி’ (binary) என்று ஆங்கிலத்தில் அடித்து எண்டர் தட்டுங்கள். 200 என்று தொடங்கும் பதில் வந்ததும் மறுபடி இறக்குங்கள்.

அம்பை வாசகன்:
எதையும் பைனரியிலேயே அனுப்பிவிட்டால் தொல்லை இல்லை. உரை முறையில் தமிழும் உடைந்துபோகும்.

பேட்டை மூத்தவர்:
விண்டோஸில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை (லினக்ஸ் கட்டளைகள் அடங்கிய உரைக்கோப்பு) பைனரியில் லினக்ஸுக்கு ஏற்றிப் பாருங்கள். வரி முடிவில் 13 ஒட்டிக்கொண்டே போவதால் முதல் வரியிலேயே நிற்கும். தமிழைப் பற்றிச் சொன்னதும் தவறு. எழுத்துகளை பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். மூன்றும் 127-க்கு மேல். அங்கே 10 எப்படி வரும்?

பாளை அச்சகம்:
அளவு சரியாக வந்துவிட்டது, தேர் முழுதும் தெரிகிறது. நன்றி அண்ணாச்சி. அச்சுக்குப் போகிறேன்.

அம்பை வாசகன்:
தமிழ்க் குறிக்கு இரண்டு பைட் வைக்கும் யுடிஎஃப்-16 கோப்பாக இருந்தால்? அதில் வரி முடிவே இரண்டு பைட். இடையில் ஒற்றை 13 நுழைந்தால் அடுத்த வரியே இடம் மாறிவிடும். அதற்குப் பதில் சொல்லுங்கள்.