பிரெஞ்சில் வளர்ந்த பிள்ளைக்கு உயர்நிலை ஆங்கிலச் சொற்கள்: வேர்ச்சொல் வழியே கற்பிக்கலாமா?

கேள்வி: கொக்குவில் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். என் தங்கையின் மகள், அதாவது என் பெறாமகள், பாரிசுக்கு அருகே லா கூர்நெவ்வில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள். படிப்பும் தோழிகளும் எல்லாம் பிரெஞ்சில்தான். பிரான்சின் பள்ளி இறுதிப் பரீட்சையான பக்கலோரெயாவில் தேறிவிட்டு, அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் சட்டம் படிக்க வேண்டும் என்று நிற்கிறாள். அதற்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையில் நல்ல புள்ளி வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவள் இன்னும் ஐந்து வாரம் என்னுடன்தான் இருப்பாள். நாள்தோறும் காலையில் இரண்டு மணித்தியாலம் பாடம் நடத்துகிறோம்.

உயர்தர வகுப்புப் பிள்ளைகள் மாதக் கணக்கில் மனனம் செய்கின்ற சொற்பட்டியல் ஒன்றை முதல் நாள் அவள் முன் வைத்தேன். மெட்டிக்கியூலஸ், வெராசிட்டி, பேர்னிஷஸ் என்று நான் அஞ்சி அஞ்சிக் காட்டிய சொற்களுக்கெல்லாம் அவள் ஒரு நொடியும் தயங்காமல் பொருள் சொன்னாள். இவை பிரெஞ்சிலும் உள்ளவைதானே, பெரியம்மா என்றாள். அடுத்த பக்கத்தில், ஒத்திப்போடுவதைக் குறிக்கும் 'புட் ஓஃப்' என்று வந்த இடத்தில் நின்றுவிட்டாள். எங்கள் ஊரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்தது அது. நான் இதுவரை கற்பித்த ஒழுங்கு இவளிடம் தலைகீழாக இருக்கிறது.

எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. இரு மொழிக்கும் பொதுவான வேர்களை வைத்து அவளுடைய ஆங்கிலச் சொல்வளத்தை முறையாக வளர்க்க முடியுமா? முடியுமென்றால் எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது?

மறுமொழி 1: லா சப்பல் மொழிபெயர்ப்பாளர்

வணக்கம் ரீச்சர். முப்பது ஆண்டுகளாகப் பாரிசில் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் இடையே மொழிபெயர்த்து வருகிறேன். ஆங்கிலத்தைப் பிரெஞ்சுக்குப் பிறகு கற்றவன் என்பதால் உங்கள் பெறாமகள் நிற்கும் இடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

1066ஆம் ஆண்டு நோர்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்ற பின்னர் அரசவை, நீதிமன்றம், பிரபுக்களின் வீடு ஆகிய இடங்களிலெல்லாம் பிரெஞ்சு அமர்ந்தது. உழுதவனும் மாடு மேய்த்தவனும் ஆங்கிலமே பேசினார்கள். 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில், மேல்தட்டினர் மெல்ல ஆங்கிலத்துக்குத் திரும்பியபோதுதான் பிரெஞ்சுச் சொற்கள் பெருவாரியாக ஆங்கிலத்துக்குள் வந்தன. தாங்கள் பழகிய ஆட்சிச் சொல்லையும் சட்டச் சொல்லையும் அவர்கள் விட்டுவிட்டு வரவில்லை. நீதிமன்றங்களில் வழக்கை ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று 1362இல் பிறந்த சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதன் விளைவாக, ஆங்கிலத்தில் வீட்டுச் சொல் பெரும்பாலும் பழைய ஆங்கிலச் சொல்லாகவும், சபைச் சொல் பெரும்பாலும் பிரெஞ்சோ இலத்தீனோ தந்த சொல்லாகவும் படிந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரருக்கோ அந்தச் சபைச் சொற்களே வீட்டுச் சொற்கள். பாரிசில் ஒரு குழந்தை விளையாட்டைத் தொடங்கும்போதும் 'கொமான்ஸே' என்றுதான் சொல்லும். அதே சொல் ஆங்கிலத்தில் 'கொமென்ஸ்' ஆகும்போது பட்டமளிப்பு விழாவுக்கும் அரசாங்க அறிவித்தலுக்கும் உரியதாகிவிடுகிறது. நம்மவருக்கு இதை விளக்க 'நித்திரை' என்ற ஒரு சொல்லே போதும். யாழ்ப்பாணத்தில் கைக்குழந்தையும் நித்திரை கொள்ளும். சென்னையில் அந்தச் சொல்லைப் புத்தகத்தில்தான் காண்பார்கள், வாயில் வருவது தூக்கம். பொருள் ஒன்றே; ஊர் மாறச் சொல்லின் எடை மாறுகிறது. உங்கள் பிள்ளைக்குப் பொருள் தெரியும், எடை தெரியாது.

ஆகவே பாடத்தைத் திருப்பி நடத்துங்கள். மற்றப் பிள்ளைகளுக்குச் சிறிய சொல்லிலிருந்து பெரிய சொல்லுக்கு ஏற்றுவீர்கள். இவளைப் பெரிய சொல்லிலிருந்து சிறிய சொல்லுக்கு இறக்குங்கள். 'தொலேரே' என்று அவள் சொன்னால் ஆங்கிலத்தில் 'டொலரேட்' உண்டு, அன்றாடப் பேச்சில் 'புட் அப் வித்' என்பார்கள். 'எக்ஸாமினே' என்பதற்கு 'எக்ஸாமின்' என்பதோடு 'லுக் இன்டு' என்பதையும், 'ரெனோன்ஸே' என்பதற்கு 'ரினவுன்ஸ்' என்பதோடு 'கிவ் அப்' என்பதையும் கொடுங்கள். வினையோடு ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொள்ளும் இந்த வடிவங்களைத் தனியே பட்டியலிட்டால் எந்தப் பிரெஞ்சுப் பிள்ளைக்கும் தலை சுற்றும்; தனக்குத் தெரிந்த ஒரு பிரெஞ்சு வினையின் அருகே வைத்தால் மனதில் நிற்கும்.

வேர்க் குடும்பங்களையும் விட்டுவிடாதீர்கள். 'பிடித்தல்' என்ற பொருளுள்ள 'தெனீர்' என்ற பிரெஞ்சு வினையில் முடிபவை ஆங்கிலத்தில் 'டெயின்' என்று முடியும்: மெயின்டெயின், கொன்டெயின், ரிடெயின், டிடெயின், ஒப்டெயின். இவை அவளுக்கு இலவசமாகக் கிடைத்தவை. ஆனால் இவற்றிலிருந்து பிறக்கும் ரிடென்ஷன், டிடென்ஷன், சஸ்டெனன்ஸ், டெனேஷஸ், டெனியூர் போன்றவற்றையும் அதே வேரின்கீழ் எழுதிக் காட்டினால்தான் எழுத்துப் பரீட்சையில் அவளுக்குப் பெயர்ச்சொல்லும் உரிச்சொல்லும் கைகொடுக்கும்.

மறுமொழி 2: நல்லூர் வாசகர்

ஐயா சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. பிள்ளைக்குத் தமிழும் தெரியும் என்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

நன்னூல் பதவியலின் இறுதியில் வடமொழியாக்கம் வருகிறதல்லவா? வடசொல் உருமாறாமல் வந்தால் தற்சமம், தமிழ் ஒலிக்கேற்ப மாறி வந்தால் தற்பவம் என்று நாம் படித்தோம். கமலம் தற்சமம், ரிஷி 'இருடி' ஆனது தற்பவம். இலத்தீனிலிருந்து பிரெஞ்சுக்கும் சொற்கள் இதே இரண்டு வழியில் வந்திருக்கின்றன. எளிதில் உடையக்கூடியது என்னும் பொருளுள்ள ஒரே இலத்தீன் சொல் மக்கள் வாயில் பல நூற்றாண்டு தேய்ந்து 'ஃபிரெல்' ஆயிற்று. பின்னர் படித்தவர்கள் அதையே ஏட்டிலிருந்து எடுத்து 'ஃபிரஜீல்' என்றார்கள். ஆங்கிலம் இரண்டையும் வாங்கி 'ஃபிரெயில்', 'ஃபிரஜைல்' என்று வைத்துக்கொண்டது. ஷுவரிட்டியும் செக்கியூரிட்டியும், லோயலும் லீகலும் இப்படிப்பட்ட இணைகளே. சட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்கு இந்த இணைகள் மிகவும் பயன்படும். அவளிடம் இரண்டு பிரெஞ்சு வடிவமும் ஏற்கெனவே இருப்பதால், ஆங்கிலத்தில் எது எதற்கு என்று பிரித்துக் காட்டினால் போதும்.

இரண்டாவது, ஒளிந்துகொண்ட 'ஸ்' ஒலி. பிரெஞ்சில் உயிரெழுத்தின் தலையில் கூரைபோல் ஒரு குறி இடுவார்கள். பல சொற்களில் அது முன்பிருந்த 'ஸ்' எழுத்து மறைந்த இடத்தைக் காட்டுவது. பிரெஞ்சு அக்கடமியின் 1740ஆம் ஆண்டு அகராதிதான் அந்த எழுத்தை நீக்கி இந்தக் குறியை நிலைப்படுத்தியது. ஆங்கிலம் அதற்கு முன்பே சொற்களைப் பெற்றுக்கொண்டதால் 'ஸ்' அங்கே பத்திரமாக இருக்கிறது. ஓப்பித்தால் ஹொஸ்பிட்டல் ஆகும். ஃபொரே ஃபொரஸ்ட் ஆகும். ஆடை என்னும் பொருளுள்ள 'வெத்மான்' என்ற சொல்லைத் திறந்து பார்த்தால் வெஸ்ட்மென்ட், டைவெஸ்ட், இன்வெஸ்ட் மூன்றும் வெளியே வருகின்றன. 'இன்வெஸ்ட்' என்பதன் முதற்பொருளே ஆடை அணிவித்தல்தான்.

சொல்லின் தொடக்கத்திலும் இதே கதை உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. 'ஸ்' என்ற மெய்யோடு இன்னொரு மெய் சேர்ந்து தொடங்கும் இலத்தீன் சொல்லை உச்சரிக்கப் பழைய பிரெஞ்சுக்காரர் முன்னால் ஓர் எகரம் சேர்த்தார்கள். பிறகு 'ஸ்' தேய்ந்து எகரம் மட்டும் நின்றது. எக்கோல், எத்தா, எப்போன்ஜ், எப்பீஸ் என்பவற்றில் முன் எகரத்தை எடுத்து 'ஸ்' ஒலியை வைத்தால் ஸ்கூல், ஸ்டேட், ஸ்பொஞ்ச், ஸ்பைஸ். ராமனை இராமன் என்றும் லோபத்தை உலோபம் என்றும் எழுதிய நமக்கு, ஊர்க் கிழவிகள் 'இஸ்கூல்' என்று சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு, இது புதியதா?

நம் வீட்டுக்குள்ளேயே இலத்தீன் இருப்பதையும் பிள்ளைக்குக் காட்டுங்கள். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயரின் மொழியும் பிரெஞ்சுக்கு உடன்பிறப்பு. அவள் உங்கள் வீட்டில் அமர்ந்து படிக்கும் கதிரையும், பிரெஞ்சுப் பேராசிரியரின் 'ஷேர்' என்ற பீடமும், ஆங்கிலச் 'செயார்', 'கதீட்ரல்' என்ற இரண்டும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. விசுக்கோத்து என்றால் இருமுறை சுட்டது. அவளுக்கு 'பிஸ்' என்பது இருமுறை என்றும் 'குயி' என்பது வெந்தது என்றும் தெரிந்திருக்கும். மூன்று மொழியிலும் தெரிந்த பொருளை அவள் ஒருபோதும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டாள்.

மறுமொழி 3: லா சப்பல் மொழிபெயர்ப்பாளர்

ஒரு சிறு திருத்தம் மட்டும். கூரைக் குறி உள்ள இடமெல்லாம் 'ஸ்' இருந்தது என்று பிள்ளை எண்ணிவிடக் கூடாது. 'ஆஜ்', 'ரோல்' ஆகியவற்றில் குறி உண்டு, 'ஸ்' எப்போதும் இருந்ததில்லை. அதே குடும்பத்துப் பிரெஞ்சுச் சொல் ஒன்றில் 'ஸ்' தெரிகிறதா என்று தேடச் சொல்லுங்கள்: ஃபொரேக்கு ஃபொரெஸ்தியே இருக்கிறது. இருந்தால் நம்பலாம்.

மறுமொழி 4: இங்கிலாந்தில் படிப்பவள்

அன்ரி, நானும் பிரான்சில் வளர்ந்து, இப்போது இங்கிலாந்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வேர்கள் பற்றி மூத்தவர்கள் சொன்னது சரி. எனக்கு அடி விழுந்தது வேறு இரண்டு இடங்களில்.

முதலாவது காது. கடதாசியில் கண்டால் எனக்குத் தெரியாத சொல்லே இல்லை. முதல் விரிவுரையில் பாதி புரியவில்லை. பிரெஞ்சில் அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில் விழும். ஆங்கிலத்தில் அது சொல்லுக்குச் சொல் இடம் மாறி, அழுத்தம் இல்லாத உயிர்களை விழுங்கிவிடும். 'யெரார்ஷி' என்று நான் சிறுவயது முதல் சொன்ன சொல் 'ஹையராக்கி' என்று வந்தபோது அது புதுச் சொல் என்றே குறிப்பில் எழுதினேன். ஆகவே எந்தச் சொல்லையும் வாயால் சொல்லாமல், காதால் கேட்காமல் பட்டியலில் ஏற்ற வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, பிரெஞ்சு ஆசிரியர்கள் 'பொய் நண்பர்கள்' என்று அழைக்கும் சொற்கள். 'எவான்துவெல்மான்' என்றால் பிரெஞ்சில் ஒருவேளை, தேவைப்பட்டால் என்று பொருள்; ஆங்கில 'இவென்சுவலி' என்றால் இறுதியில் நிச்சயமாக. முடிந்தால் ஒரு மேலதிகக் கட்டுரை தருவேன் என்று சொல்ல நினைத்து 'இவென்சுவலி' என்று எழுதினேன். விரிவுரையாளர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு காத்திருந்தார். இன்னொரு முறை, அறை பார்த்து ஏமாற்றமாக இருக்கிறது என்று வீட்டு உரிமையாளரிடம் சொல்ல, 'தெசெவ்வார்' என்ற பிரெஞ்சு வினையை நினைத்து 'டிசீவ்ட்' என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏமாற்றினார் என்று நான் பழி சொல்வதாக அவருக்குக் கேட்டது. அன்று மாலை முழுவதும் அழுதேன்.

அனுபவத்தில் கண்டது இது: சொல் நீளமாகவும் துறை சார்ந்ததாகவும் இருந்தால் பெரும்பாலும் நம்பலாம், ஃபோட்டோசிந்தஸிஸ், கொன்ஸ்டிடியூஷன் போன்றவை காட்டிக்கொடுப்பதில்லை. உணர்ச்சியைச் சொல்லும் சொல், காலத்தைச் சொல்லும் சொல், அன்றாட வினை ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும். பிரெஞ்சில் 'தெமாந்தே' என்பது சாதாரணமாகக் கேட்பது. ஆங்கில 'டிமாண்ட்' அதட்டிக் கேட்பது. 'லிப்ரேரி' புத்தகக் கடை, 'லைப்ரரி' நூலகம். 'சான்சீப்ல்' எளிதில் மனம் நெகிழ்பவர், 'சென்சிபிள்' விவேகமானவர். இணையத்தில் கிடைக்கும் நூற்றுக்கணக்கான பொய் நண்பர்களை மனனம் செய்ய வைக்க வேண்டாம். அவள் எழுதிய கட்டுரையில் அகப்படுபவற்றை மட்டும் பிடித்து, அவளுடைய வசனத்தோடு எழுதி வையுங்கள்.

மறுமொழி 5: கொக்குவில் ஆசிரியை

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. பத்து நாள் நீங்கள் சொன்னபடி நடத்திப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். பிரெஞ்சு தெரியாதது குறை என்று எண்ணியிருந்தேன். இப்போது அவள் பிரெஞ்சுச் சொல்லைக் கொண்டுவருகிறாள், ஆங்கிலத்தில் அதை எந்த இடத்தில் சொல்லலாம், எந்த இடத்தில் சொல்லக் கூடாது என்பதை நான் சொல்கிறேன். கொப்பியில் ஒவ்வொரு சொல்லையும் உரக்கப் படித்த பிறகே எழுதுகிறோம்.

நேற்று என் பழைய காணி உறுதி ஒன்றை மேசையில் வைத்திருந்தேன். அதிலிருந்த 'மோர்கேஜ்' என்ற சொல்லை உற்றுப் பார்த்துவிட்டு, பெரியம்மா, இது 'செத்த ஈடு' அல்லவா என்று அவளாகவே கேட்டாள். 'மோர்' என்றால் இறந்தது, 'காஜ்' என்றால் ஈடு. நாற்பது ஆண்டுகளாக அந்தச் சொல்லை எழுதிய எனக்கு அது தெரியாது. பிறகு சட்டச் சொற்களாகவே தேடத் தொடங்கி, ஒரே சொல்லின் நோர்மண்டி வடிவம் 'வொரன்டி' என்றும் பாரிஸ் வடிவம் 'கரன்டி' என்றும் ஆங்கிலத்தில் இரண்டாக நிற்பதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள்.

நாளை தேர்த் திருவிழா, மறுநாள் தீர்த்தம், பாடம் இல்லை. அதன்பின் ரிசீவ், கொன்சீவ், பெர்சீவ் குடும்பத்தை எடுக்கிறோம். அந்தக் குடும்பத்தில் 'டிசீவ்' எங்கே நிற்கிறது என்பதை இங்கிலாந்துப் பிள்ளையின் கதையைச் சொல்லியே தொடங்கப் போகிறேன், அவர் அனுமதித்தால்.