கைதட்டல் பிந்திக் கேட்கிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். வெள்ளவத்தையில் நடந்த அம்மம்மாவின் 80ஆவது பிறந்தநாளை போனில் எடுத்து, லேப்டொப்பில் வெட்டி ஒட்டி ஒரு மணித்தியால வீடியோவாக்கினேன். தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக சத்தம் பிந்துகிறது, கேக் வெட்டும் இடத்தில் எல்லோரும் கையைக் கீழே போட்ட பிறகுதான் கைதட்டலே கேட்கிறது. கனடாவில் இருக்கிற மாமா இதற்காகக் காத்திருக்கிறார்.

பதில் 1:
புளூடூத் ஹெட்போனா? அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஜே, கே விசைகளை அழுத்தினால் சத்தம் ஒவ்வொரு தடவையும் 50 மில்லிசெக்கன் முன்பின் நகரும்.

பதில் 2:
தம்பி, முழுக்க ஒரே அளவு பிந்தினால் அந்த விசை போதும், ஆனால் உங்களுக்கு இடைவெளி கூடிக்கொண்டே போகிறதே, அது பிரேம் ரேட் (ஒரு செக்கனுக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பிரச்சினை மாதிரித்தான் தெரிகிறது. பல போன்கள் ஒரே சீராக 30 பிரேம் எடுப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் குறைத்துவிடும். சில எடிட்டிங் மென்பொருள்கள் எல்லாம் சீரான 30 என்றே எடுத்துக்கொள்ளும், படம் சத்தத்தை விட்டு விலகிவிடும். போனில் உள்ள மூலக் கோப்பு சரியாக ஓடுகிறதா?

கேட்டவர்:
ஓம் அண்ணா, அது சரியாகத்தான் ஓடுகிறது.

பதில் 2:
அப்படியென்றால் பயமில்லை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் இலவசம்தான், அதில் மூலக் கோப்பைப் போட்டு, வீடியோ பகுதியில் 30ஐயும் கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்டையும் தெரிவு செய்து மாற்றுங்கள், அப்புறம் அந்தப் புதுக் கோப்பை வைத்து எடிட் செய்யுங்கள். மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள், அம்மம்மாவின் குரல் அதில் இருக்கிறது.