சமையல் சேனலுக்குத் திட்டம், செலவு ரெண்டையும் கூகுள் ஷீட்டில் எளிதாக வைப்பது எப்படி?

கரிசல் அடுப்பு:
வணக்கம் நண்பர்களே. நானும் தங்கையும் கோவில்பட்டி பக்கத்திலிருந்து ஒரு யூடியூப் சமையல் சேனல் நடத்துகிறோம், வாரம் ரெண்டு வீடியோ. கேமரா நான், அடுப்பு அவள். எடிட்டிங் வெளியே ஒருவரிடம், வீடியோவுக்கு 800 ரூபாய். கறி, காய், மளிகை, பெட்ரோல் எல்லாவற்றையும் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வைக்கிறோம், மாசக் கடைசியில் கூட்டினால் மொத்தம் தெரிகிறதே தவிர எந்த வீடியோவுக்கு எவ்வளவு போனது என்று பிரிக்க முடியவில்லை. நெட்டில் கிடைக்கிற டெம்ப்ளேட்டுகளை இறக்கிப் பார்த்தால் வலப்பக்கம் இழுக்க இழுக்க காலம் (நெடுவரிசை, column) வந்துகொண்டே இருக்கிறது. தங்கை போனில்தான் பார்ப்பாள், அவளுக்கும் புரிய வேண்டும். தீபாவளிக்கு ஐந்து வீடியோவில் ஒரு பலகாரத் தொடர் போட ஆசை, கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. நீங்கள் எல்லாம் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

நெல்லை ஷீட்டு:
டெம்ப்ளேட் எதுவும் வேண்டாம், வெறும் ஷீட்டில் ரெண்டு டேப் (ஒரே ஃபைலுக்குள் தனித்தனிப் பக்கம்) போதும். முதல் டேப் திட்டம்: வீடியோ எண், தலைப்பு, நிலை, படப்பிடிப்பு தேதி, வெளியீட்டு தேதி, மதிப்பீடு, ஆன செலவு. ஏழே காலம், போனைப் படுக்கையாகத் திருப்பினால் சமாளித்துவிடலாம். 'நிலை' காலத்தில் டிராப்டவுன் (தொட்டுத் தேர்ந்தெடுக்கும் பட்டியல்) வைத்து யோசனை, எடுத்தாச்சு, எடிட்டிங், வெளியாச்சு என்று நாலே வார்த்தை கொடுங்கள், டைப் செய்ய விட்டால் ஆளுக்கொரு மாதிரி எழுதி ஃபில்டர் வேலை செய்யாமல் போகும். ரெண்டாவது டேப் செலவு: தேதி, வீடியோ எண், எதற்கு, தொகை, யார் கொடுத்தது. கடையில் நின்றபடியே ஒரு வரி போட்டுவிட வேண்டும். வீடியோ எண்தான் ரெண்டு டேப்பையும் இணைக்கிறது, திட்டத்தில் 'ஆன செலவு' காலத்தில் சம்இஃப் (SUMIF) ஃபார்முலா போட்டால் அந்த எண்ணுக்கு விழுந்த செலவெல்லாம் தானாகக் கூடி வந்து நிற்கும். நீங்கள் கேட்ட பிரிப்பு இதிலேயே வந்துவிடுகிறது.

இன்னும் ரெண்டு விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. தொகை கட்டத்தில் வெறும் எண் மட்டும் எழுதுங்கள். 450/- என்று எழுதினால் ஷீட் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு கூட்டலில் விட்டுவிடும், தப்பு என்று சொல்லவும் சொல்லாது. அப்புறம் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸில் லொக்கேல் (எந்த நாட்டு முறையில் தேதி எழுதுவது என்ற அமைப்பு) இந்தியா என்று இருக்கிறதா பாருங்கள், அமெரிக்கா என்று இருந்தால் 5/10 என்று போட்ட அக்டோபர் 5 மே 10 ஆகிவிடும்.

மதுரை கணக்கர்:
மேலே சொன்ன அமைப்பு சரி. ஆனால் மைக், டிரைபாட், லைட் வாங்கியதை எந்த வீடியோ எண்ணிலும் போடாதீர்கள், அந்த ஒரு வீடியோ மட்டும் பயங்கர நஷ்டம் போலத் தெரியும். அதற்குத் தனியாக ஒரு டேப் வைத்து மாசக் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள். 3,600 ரூபாய் மைக் ஒரு வருஷம் உழைக்கும் என்றால் மாசம் 300, மாசம் எட்டு வீடியோ என்றால் வீடியோவுக்கு 40 ரூபாய்கூட வராது.

சமையல் சேனலில் உண்மையான சிக்கல் வேறு. எடுத்து முடித்த கறிக்குழம்பை வீட்டில்தானே சாப்பிடுகிறீர்கள்? அது சேனல் செலவா, வீட்டுச் செலவா? முழுதாகச் சேனலில் எழுதினால் வீடியோ விலை ஏறித் தெரியும், எழுதாமல் விட்டால் இலவசமாகச் செய்வது போலத் தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு எப்படியும் எவ்வளவு வாங்கியிருப்பீர்களோ அது வீட்டுக்கு, அதற்கு மேல் போனது மட்டும் சேனலுக்கு என்று வைப்பதுதான் என் கட்சி. 'எதற்கு' காலத்துக்குப் பக்கத்தில் 'வீடு' என்று ஒரு டிக் பாக்ஸ் போதும்.

தஞ்சை அக்கா:
கணக்கர் சார் சொன்ன கடைசி விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த டிக் பாக்ஸ் வந்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு விவாதம் நடக்கும், கொஞ்ச நாளில் யாரும் எழுதமாட்டார்கள். முழுதாகச் சேனலிலேயே எழுதட்டும். அதைவிடத் தங்கையின் நேரத்துக்கு ஒரு காலம் வையுங்கள் தம்பி, அடுப்படியில் நிற்கிற நேரமும் பாத்திரம் கழுவுகிற நேரமும் எந்த ஷீட்டிலும் ஏறுவதே இல்லை. மணிக்கணக்கு மட்டும் போதும், ரூபாயாக மாற்ற வேண்டாம். எந்த வீடியோ அவளைப் பிழிந்து எடுக்கிறது என்று தெரிந்தால் அடுத்த மாசத் திட்டம் தானாக மாறும்.

வருமானப் பக்கமும் கொஞ்சம். ஆட்சென்ஸில் (யூடியூப் விளம்பரப் பணத்தைக் கூகுள் அனுப்பும் கணக்கு) ஒரு மாசம் சம்பாதித்தது அடுத்த மாசத் தொடக்கத்தில்தான் முடிவாகும், 100 டாலரைத் தாண்டியிருந்தால் 21க்கும் 26க்கும் நடுவில் அனுப்புவார்கள். ஆக நவம்பரில் தீபாவளி வீடியோ ஓடுகிற பணம் டிசம்பர் கடைசியில்தான் கைக்கு வரும். அதை நம்பிப் பலகாரத்துக்கு வாங்கக் கூடாது, அந்த 15,000 முழுக்கக் கைக்காசு என்றே திட்டமிடுங்கள். வருமானத்துக்கும் ஒரு டேப் வைத்தால் அதில் 'சம்பாதித்த மாசம்', 'வந்த தேதி' என்று ரெண்டு காலம் கட்டாயம். மிக்ஸி, கிரைண்டர் என்று பொருளாகக் கொடுக்கும் கம்பெனிகள் வந்தால் அதன் விலையையும் எழுதிவையுங்கள். ஒரே இடத்திலிருந்து ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீதம் வரிப்பிடித்தம் உண்டு, 2022 ஜூலையிலிருந்து இது இருக்கிறது. வீடியோ எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது இதில் வராது.

கரிசல் அடுப்பு:
எல்லோருக்கும் நன்றி. ரெண்டு டேப்பும் போட்டுவிட்டேன், சம்இஃப் வேலை செய்கிறது. அக்கா சொன்ன நேரக் காலத்தைத் தங்கையிடம் சொன்னதும் அவளே உட்கார்ந்து பழைய வீடியோக்களுக்கும் நிரப்ப ஆரம்பித்துவிட்டாள்! தீபாவளித் தொடருக்குத் தேதிகளை எப்படிப் போடுவது? முறுக்கு, ரிப்பன் பக்கோடா, அதிரசம், மைசூர்பாகு, லேகியம் என்று வைத்திருக்கிறோம். முறுக்கும் ரிப்பனும் ஒரே நாளில் ஒரே எண்ணெயில் எடுப்போம், அந்த எண்ணெயை எந்த எண்ணில் எழுதுவது?

நெல்லை ஷீட்டு:
எண்ணெய்க்கு 'தொடர்' என்று ஒரு பொது எண் கொடுங்கள், கடைசியில் ஐந்தால் வகுத்துக்கொள்ளலாம். எடிட்டிங்குக்கு ஐந்து வீடியோவுக்கும் 4,000 முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள், மீதி 11,000. அதில் ஒரு 1,500ஐத் தொடாமல் வையுங்கள், பாகு பதம் தப்பினால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

தேதிகளை ஒவ்வொன்றாக டைப் செய்யாதீர்கள். தீபாவளி 2024ல் அக்டோபர் 31, 2025ல் அக்டோபர் 20, 2026ல் நவம்பர் 8. மேலே ஒரு கட்டத்தில் தீபாவளித் தேதியை மட்டும் எழுதி, வெளியீட்டுத் தேதியை அந்தக் கட்டத்திலிருந்து இத்தனை நாள் முன்னால் என்று ஃபார்முலாவாக வையுங்கள். படப்பிடிப்பு தேதி வெளியீட்டிலிருந்து இன்னும் பத்து நாள் முன்னால். அடுத்த வருஷம் அந்த ஒரு கட்டத்தை மாற்றினால் மொத்தத் திட்டமும் நகர்ந்துவிடும். அதிரசத்தைத்தான் முதலில் விடுங்கள், பார்க்கிறவர்கள் மாவு கிளறி ஊறவைக்க அவகாசம் வேண்டும், இருபது நாளாவது முன்னால் வரட்டும். லேகியம் கடைசி வாரம் வந்தால் போதும்.

மதுரை கணக்கர்:
ஒன்று விட்டுப்போச்சு. எடிட்டருக்குத் திட்டம் தெரிய வேண்டும் என்று இதே ஃபைலை ஷேர் செய்தால் செலவு டேப்பும் அவருக்குத் தெரியும். ப்ரொடெக்ட் (டேப்பைப் பூட்டும் வசதி) போட்டாலும் மாற்றத்தான் முடியாது, பார்க்கலாம். அவருக்குத் தலைப்பும் தேதியும் மட்டும் இருக்கிற தனி ஃபைல் கொடுத்துவிடுங்கள்.