இரண்டு கொப்பி, எட்டு மாத இருமல்

பரந்தனிலிருந்து

இருமல் மாசி மாதம் தொடங்கியது. காலபோக நெல் வெட்டி முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த நேரம் என்பதால் நெல்லுத் தூசுதான் காரணம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அதையேதான் நம்பினேன். நெல் மூட்டையாகி ஆலைக்குப் போனது, முற்றத்தைக் கூட்டித் தண்ணீரும் தெளித்தாயிற்று. இருமல் மட்டும் போகவில்லை.

சளி இல்லாத வறட்டு இருமல். தொண்டைக்குள் உமி ஒன்று ஒட்டிக்கொண்டது போல அரிக்கும். தண்ணீர் குடித்தால் கொஞ்ச நேரம் அடங்கும். நாலு வசனம் சேர்த்துப் பேசினால் திரும்ப வரும், இரவில் பாயில் சரிந்தால் இன்னும் கூடும். மாமி வேலியோரத்து ஆடாதோடை இலையை அவித்துத் தந்து, குடித்து முடிய ஒரு துண்டுப் பனங்கட்டியையும் கையில் வைப்பார். மல்லித் தண்ணீர், தூதுவளை ரசம், வேது எல்லாம் பார்த்தோம். அந்தக் கவனிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். குடித்த அன்றிரவு கொஞ்சம் கண் மூட முடிந்தது, அது பெரிய உதவி. அடுத்த நாள் விடிய இருமலும் என்னோடு எழும்பிவிடும்.

ஒரு தனியார் டிஸ்பென்சரிக்கு மூன்று தரம் போனேன். மூன்று தரமும் அன்டிபயோட்டிக்கும் பாணியும் தந்தார்கள். வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அங்கே கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. பிரஷருக்கு நான் குளிசை எடுப்பதற்கும் இந்த இருமலுக்கும் தொடர்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

பெண்கள் வெளியில் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. மாதக்கணக்காக இருமினால் சிலருக்குச் சிறுநீர் கட்டுப்படாது. கிளிநொச்சிக்கு பஸ் ஏறவே பயந்தேன். இருமத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்புவார், கொரோனா வந்து போனதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. எனக்கோ அந்த முகத்தை விட உடுப்பு நனைந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிது. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போனபோது கற்பூரப் புகைக்குள் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. அம்மனைத் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். விலா எலும்பு ஒரு மாதம் வலித்தது.

ஆனி மாதம் ஒரு நாள், தேத்தண்ணி குடிக்க என் கோப்பையைத் தேடினேன். அது தனியாக, குசினி யன்னலடியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. கசமாக (காசநோய்) இருக்குமோ என்று வீட்டுக்குள் பேச்சு வந்துவிட்டது என்பது விளங்கியது. அடுத்த கிழமையே மார்பு நோய் கிளினிக்குக்குப் போனேன். அங்கே மரியாதையாக நடத்தினார்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமினாலே சளியைச் சோதிக்க வர வேண்டும், நீங்கள் நாலு மாதம் பொறுத்திருக்கிறீர்களே என்று அங்கிருந்த மிஸி கவலைப்பட்டார். விடிய எழும்பியவுடன் சளியை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி சின்னப் போத்தல் தந்தார்கள். எனக்குச் சளியே வராது, அதை எடுக்க நான் பட்ட பாடு பெரிய பாடு. சளியிலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. என் பெயரில் புதிதாக ஒரு கொப்பியும் தந்தார்கள். அதில் இருமல் பற்றி எழுதியிருந்தது, பிரஷர் பற்றி ஒரு வரி இல்லை. பிரஷர் கிளினிக் கொப்பியில் இருமல் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டும் வீட்டில் ஒரே மேசை லாச்சிக்குள் கிடந்தன.

கண்டுபிடிக்கப்பட்டது ஐப்பசியில், பிரஷர் கிளினிக்கில் முறைக்கு இருந்தபோது. உள்ளே போய் இருந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. இளம் டொக்டர், என் மகன் வயது இருக்கும், எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தினார்.

“எப்ப தொடக்கம் அம்மா இந்த இருமல்?”

“மாசியில இருந்து தம்பி.”

அவர் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் பின்னுக்குத் தட்டினார். தை மாதப் பக்கத்தில் விரலை வைத்தார். “இஞ்ச பாருங்கோ. எனலாப்ரில் எண்ட பிரஷர் குளிசை இந்த மாதம்தான் தொடங்கியிருக்கு.”

அந்த வகைக் குளிசை இரத்த அழுத்தத்தைக் குறைக்க உடம்பில் ஒரு நொதியைத் தடுக்கிறதாம். அதே நொதிதான் பிரடிகினின் என்ற பொருளையும் உடைப்பது. உடைக்க ஆள் இல்லாமல் அது சுவாசக் குழாயில் தேங்கினால் சிலருக்கு வறட்டு இருமல் வரும், பெண்களுக்குக் கொஞ்சம் கூட. கப்டோப்ரில், லிசினோப்ரில் என்று ‘ப்ரில்’ என முடியும் குளிசைகள் எல்லாம் இந்த வகைதான். எனக்கு அதை நிற்பாட்டி லோசாட்டன் என்ற வேறு வகைப் பிரஷர் குளிசை எழுதித் தந்தார்.

இதை வாசித்துவிட்டு யாரும் பிரஷர் குளிசையைத் தாங்களாக நிற்பாட்ட வேண்டாம். இருமலுக்குப் பயந்து குளிசையை விட்டுப் பாரிசவாதம் வந்த ஒருவரை எங்கள் ஒழுங்கையிலேயே கண்டிருக்கிறேன். கிளினிக்கில் சொல்லி மாற்றுங்கள். எந்த டொக்டரிடம் போனாலும் உங்களிடம் இருக்கிற எல்லாக் கொப்பியையும் எல்லாக் குளிசை மட்டையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். அவர் கேட்காவிட்டாலும் மேசையில் வையுங்கள்.

பூநகரியிலிருந்து

அக்கா, எங்கள் வீட்டில் இருமியது மகள், ஒன்பது வயது. இரவு இரண்டு மணிக்குத் தொடங்கும், பள்ளிக்கூடத்தில் ஓடி விளையாடினாலும் வரும். மூச்சில் விசில் சத்தம் இல்லாததால் முட்டு (ஆஸ்துமா) என்று நாங்கள் யோசிக்கவே இல்லை, தடிமன் என்றே ஒரு வருடம் போக்கினோம். இருமல் மட்டும் காட்டுகிற முட்டும் இருக்கிறது என்று குழந்தை டொக்டர்தான் விளக்கினார். ஊதிப் பார்க்கிற குழாயில் அவளை ஊதவைத்து, பம் (வாயில் அடித்து உள்ளே இழுக்கிற மருந்து) அடித்து, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஊதவைத்தார். இரண்டாம் தரம் முள் மேலே போனது, பம் அடித்ததும் மூச்சுக் குழாய் திறந்துவிட்டது என்று அர்த்தம். அதை என் கண்ணால் பார்த்தேன்.

பம் பிடித்தால் பழகிவிடும், பிறகு கலியாணப் பேச்சில் தடை வரும் என்று சொந்தக்காரர் சொன்ன கதையைக் கேட்டு இரண்டு மாதம் கொடுக்காமல் விட்டேன். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்னும் மனம் வலிக்கிறது. மண்ணிறப் பம் தினமும், அடித்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். நீலம் முட்டும்போது மட்டும். நுளம்புக்கு வேப்பிலை புகைக்கிறதை நிறுத்தி வலை கட்டினோம். விறகு அடுப்பை வெளிக் கொட்டிலுக்கு மாற்றினோம். இப்போது பிள்ளை விடியும்வரை தூங்குகிறாள்.

ஒட்டுசுட்டானிலிருந்து

எங்கள் அப்பாவுக்கு வந்தது கசம்தான். பயந்து ஒளிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். அவர் சுருட்டுக் குடிக்கிறவர், அதனால் இருமலை யாரும் கணக்கெடுக்கவில்லை. பின்னேரத்தில் காய்ச்சல் அடித்தது, சறம் இடுப்பில் நிற்கவில்லை, அவ்வளவு மெலிந்துபோனார். ஒரு நாள் துப்பியதில் இரத்தம் கண்டு கொண்டுபோனோம். சளியில் கிருமி இருந்தது. ஆறு மாதம் குளிசை, முதல் இரண்டு மாதம் நாலு வகை, பிறகு இரண்டு வகை. ஒரு சதம் செலவில்லை. எங்களையும் கூப்பிட்டுச் சோதித்தார்கள், யாருக்கும் இல்லை.

குளிசை தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. இரத்தம் என்று நினைத்து அப்பா இரண்டு நாள் குளிசையை ஒளித்து வைத்துவிட்டார். அது மருந்தின் நிறம், பயமில்லை. இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் நிற்பாட்டப் பார்த்தார், அம்மாதான் முன்னால் நின்று விழுங்கவைத்து ஆறு மாதத்தையும் முடிப்பித்தார். அப்பா இன்றைக்கும் தோட்டத்துக்கு இறைக்கிறார்.

அக்கா, குளிசை மாற்றி எத்தனை நாளில் இருமல் நின்றது? என் சின்னம்மாவும் எனலாப்ரில்தான் எடுக்கிறார்.

பரந்தனிலிருந்து

தங்கச்சி, உடனே நிற்காது, அதைச் சின்னம்மாவுக்கு முதலே சொல்லிவையுங்கள். ஒன்றிலிருந்து நாலு கிழமை என்றார் டொக்டர், சிலருக்கு மூன்று மாதம்கூடப் போகுமாம். முதல் கிழமை ஒரு மாற்றமும் இல்லை. இதுவும் பிழைத்துவிட்டது என்று அழுதேன். இரண்டாம் கிழமை பகல் இருமல் குறைந்தது, இரவு இருமல் அப்படியே இருந்தது. கலண்டரில் ஒவ்வொரு இரவும் எத்தனை தரம் எழும்பினேன் என்று பென்சிலால் எழுதிவந்தேன். ஆறு, ஐந்து, ஐந்து, மூன்று என்று இறங்கியது.

இருபத்திரண்டாம் நாள் இரவு முகத்தில் வெளிச்சம் பட்டுக் கண் விழித்தேன். மாமி டோர்ச்சோடு பக்கத்தில் குந்தியிருந்தார். “சத்தத்தைக் காணேல்லை பிள்ளை, அதான் பாக்க வந்தனான்” என்றார்.