புதுப்பிப்பு: நிலைக்கதவில் ஏறிய கரையான்

அறைக் கதவின் நிலையில் கரையான் மண்கோடு ஏறுகிறது, மண்ணெண்ணெய் தடவினாலும் திரும்ப வருகிறது என்று மழைக்கு முன் எழுதியிருந்தேன். இப்போது அடங்கிவிட்டது.

மண்ணெண்ணெய் கண்ணில் படுபவற்றைத்தான் கொல்கிறது; ராணி இருக்கும் புற்று மண்ணுக்குள். அதனால் கரையான் மருந்து அடிக்கும் ஆட்கள் வந்து, சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, இமிடாக்ளோப்ரிட் 30.5 எஸ்.சி. என்ற, தண்ணீரில் கலக்கும் பூச்சி மருந்தை லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி கலந்து இறக்கி, வெள்ளை சிமெண்டால் அடைத்தார்கள். இந்த மருந்து கரையானை விரட்டாது. அதன் வழியே போய்வரும் கரையான்கள் ஒன்றையொன்று நக்கியும் ஊட்டியும் கூட்டத்துக்கே கடத்திவிடும். பலன் மெதுவாகத்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் அன்று வேறு வீட்டில் வைத்திருங்கள். கிணறு பக்கத்தில் இருந்தால் ஆட்களிடம் கட்டாயம் முதலிலேயே சொல்லுங்கள்.

அப்புறம், ஈசல் (சிறகு முளைத்த கரையான்) வந்தால் வீட்டுக்குள் கரையான் இருக்கிறது என்று அர்த்தமா எனக் கேட்டிருந்தீர்கள். மழை விட்டதும் விளக்குக்கு வருபவை வெளியிலிருந்தும் வரலாம். நிலையிலிருந்தோ சுவர் விரிசலிலிருந்தோ கிளம்பினால்தான் உடனே பார்க்க வேண்டும்.

குளியலறைக் குழாய்க் கசிவையும் சரிசெய்தோம். ஈரம் இருக்கும்வரை கரையான் அங்கேதான் வரும். நிலையின் அரித்த அடிப்பகுதியை அடுத்த மாதம் தச்சர் மாற்றித் தருகிறார்.