மாரி தொடங்கியதும் வார்ப்பில் ஊசித்துளை

அச்சுவேலிப் பட்டறை:

எல்லோருக்கும் வணக்கம். நானும் தம்பியும் சிறிய வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறோம். மீன்பிடிப் படகு எஞ்சின்களுக்கு அலுமினியத்தில் சிலிண்டர் ஹெட் மூடி வார்க்கிறோம். மண் அச்சு, கரி உலை, பழைய அலுமினியம். சித்திரையில் வார்த்த 20 மூடியில் ஒன்றும் கசியவில்லை. கார்த்திகை மழைக்குப் பிறகு வார்த்த 12இல் 5 கசிகின்றன. மேற்பரப்பு வழவழவென்று இருக்கிறது. ஒரு மில்லிமீற்றர் கடைந்தால் உள்ளே ஊசி குத்தியதுபோலத் துளைகள். குருநகரில் ஒருவர் எங்களை நம்பி எஞ்சினைக் கழற்றிவைத்துக்கொண்டு தொழிலுக்குப் போகாமல் இருக்கிறார். எதைப் பிழையாகச் செய்கிறோம்?

கோண்டாவில் பெரியவர்:

தம்பி, கசிந்த மூடி ஒன்றைச் சுத்தியலால் உடைத்து உள்ளே பாருங்கள். துளை உருண்டையாக, சுவர் மினுமினுப்பாக இருந்தால் அது வாயு. கந்தலாக, சொரசொரவென்று இருந்தால் உலோகம் இறுகும்போது சுருங்கிய இடம். அதற்கு ஊட்டுவாயை, அதாவது வார்ப்பு இறுகிச் சுருங்கும்போது உருகிய உலோகத்தை மேலதிகமாக ஊட்டும் அச்சு வாயை, பெருப்பிக்க வேண்டும். நீங்கள் மழையைச் சொல்வதால் எனக்கு வாயு என்றுதான் படுகிறது.

இங்கிலாந்தில் எஞ்சின் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலையில் 19 வருடம் பரிசோதனைப் பகுதியில் நின்றவன் நான். உருகிய அலுமினியம் ஈரத்தைக் கண்டால் விடாது. நீராவியிலிருந்து ஒட்சிசனைப் பறித்துக்கொள்ளும், மிஞ்சும் ஐதரசன் உலோகத்துக்குள் கரைந்துவிடும். இறுகும் நேரத்தில் அந்த ஐதரசனில் ஏறக்குறைய 20இல் ஒரு பங்குக்குத்தான் உள்ளே இடம். மற்றது குமிழாகி அங்கேயே சிறைப்படும். வெளித்தோல் கெதியாக இறுகுவதால் அதில் ஒன்றும் தெரியாது. கடைந்த பிறகுதான் வெளிப்படும்.

பழைய அலுமினியத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்? கடற்கரையில் கிடந்த படகு எஞ்சின் கால்களில் (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பாகம்) வெள்ளைத் தூள் படிந்திருக்குமே, அதற்குள்ளும் நீர் கட்டுண்டு இருக்கிறது. சூடேறினால் அது ஆவியாக வரும். அதைக் கம்பித் தூரிகையால் உரஞ்சி எடுங்கள். பிறகு உலையின் விளிம்பில் வைத்து நன்றாகக் காயவிட்டுத்தான் உள்ளே போடுங்கள். அகப்பை, கிளறும் கம்பி எல்லாவற்றுக்கும் இதே விதி. ஈரத் துண்டு ஒன்று உருகிய உலோகத்துக்குள் அமிழ்ந்தால் வெடித்துச் சிதறும். அப்படிக் கை வெந்த ஒருவரைக் கண்ணால் கண்டிருக்கிறேன். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள்.

சுத்த அலுமினியமே 660 பாகை செல்சியசில் உருகிவிடும். ஊற்றுவதற்கு 720 போதும். சூடு ஏற ஏற வாயுவும் கூடக் கரையும். வெப்பமானி ஒன்று வாங்குங்கள். கண் மதிப்பை நம்ப வேண்டாம், சிவக்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். வசதி இருந்தால் காய்ந்த ஆர்கன் வாயுவைக் கிராபைட் (பென்சில் கரி) குழாயால் அடியில் மெல்ல விடுங்கள். ஐதரசனை அது மேலே இழுத்துவரும்.

ஊற்றமுன் சின்னக் கட்டி ஒன்று வார்த்து நிறுங்கள். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். முதல் நிறையை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் பிரித்தால் 2.7க்குக் கிட்ட வரவேண்டும். சித்திரை மூடி ஒன்றையும் இப்படி நிறுத்துவைத்தால் அதுவே உங்கள் அளவுகோல்.

லேத் வேலைக்காரன், சுன்னாகம்:

ஐயா சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கசியும் மூடியைப் பசை பூசி அடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். சூட்டிலும் உப்புத் தண்ணீரிலும் அது நிற்காது, நடுக்கடலில் எஞ்சின் நின்றால் ஆட்களின் உயிர். கடைந்த பிறகு ஒவ்வொரு மூடியையும் தகடு போட்டு இறுக்கி, தண்ணீருக்குள் அமிழ்த்தி, 2 பார் காற்றுக் கொடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். வெடிப்புச் சந்தேகம் இருந்தால் சிவப்புச் சாய ஊடுருவல் சோதனை செய்யலாம்; பூசித் துடைத்த பிறகு வெடிப்புக்குள் இறங்கிய சாயம் அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

அச்சுவேலிப் பட்டறை:

ஐயா, உடைத்துப் பார்த்தோம். உருண்டை, மினுமினுப்பு. பழைய உலோகம் கூரை ஒழுகும் மூலையில்தான் கிடந்தது. நேற்று எல்லாவற்றையும் காயவைத்து, வெப்பமானி இரவல் வாங்கி 8 வார்த்தோம். கட்டி 2.66 வந்தது, சித்திரை மூடி 2.68. காற்றுச் சோதனையில் 7 தேறின. அவற்றில் ஒன்றை இன்று காலை குருநகருக்குக் கொடுத்துவிட்டோம். தேறாததை உடைத்தால் உள்ளே கந்தல் துளை. ஊட்டுவாயை எவ்வளவு பெருப்பிக்க வேண்டும் ஐயா?