நான்கு மணி நேரம் கழித்துப் போக வேண்டிய நினைவூட்டல் நான்கு முறை போகிறது (செலரி, ரெடிஸ்)

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை நிரலர்

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரிகள் சிலருக்காக, பில், எடைக் கணக்கு, பாக்கி விவரம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் வலைச்செயலி ஒன்றை ஜாங்கோவில் (பைத்தான் மொழிக்கான வலைச்செயலிக் கட்டமைப்பு) எழுதிப் பராமரித்து வருகிறேன். பில் போட்டவுடன் பிடிஎஃப் தயாரிப்பதும், பாக்கி இருந்தால் நான்கு மணி நேரம் கழித்து வாங்கியவருக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதும், பின்னணி வேலைகளை ஓட்டும் மென்பொருளான செலரியின் பொறுப்பு. வேலை வரிசை ரெடிஸ் என்ற நினைவகத் தரவுக் கிடங்கில் இருக்கிறது. 2 ஜிபி நினைவகம் உள்ள ஒரே சர்வரில் இரண்டு வொர்க்கர்கள் (வரிசையிலிருந்து வேலையை எடுத்து ஓட்டும் நிரல்கள்) ஓடுகின்றன.

சென்ற வாரம் கடைக்காரர் ஒருவர் அழைத்து, தம்முடைய ஓசூர் வாடிக்கையாளருக்கு ஒரே பாக்கிக்காக ஒரே நிமிடத்தில் நான்கு செய்திகள் போயிருப்பதாகச் சொன்னார். இந்தத் தொழிலில் பாக்கியை ஒரு முறை நினைவூட்டுவது வழக்கம். நான்கு முறை கேட்டால் கழுத்தில் துண்டைப் போட்டுக் கேட்டதாகிவிடும். அவருடைய கோபம் நியாயமானதே.

நிரலில் அந்த நினைவூட்டல் டாஸ்க்கை (வேலையை) அழைக்கும் இடம் ஒன்றுதான். ஆனால் லாக்கில் (நிகழ்வுப் பதிவில்) ஒரே டாஸ்க் எண் 11.02, 12.03, 1.05, 2.06 என நான்கு முறை பெறப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது, நான்கும் 3.02-க்கு ஓடியிருக்கின்றன. இது தவிர, மாத இறுதியில் பெரிய கணக்கு அறிக்கையைத் தயாரிக்கும்போது வேலை பாதியில் மறைந்துவிடுகிறது. பிறகு அது வரிசையிலும் இருப்பதில்லை, செயலியின் பிழைப் பதிவிலும் இருப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்குமா?

பதில்: நாகலூர் மேட்டுக்காரன்

காரணங்கள் வேறு வேறு. உங்கள் லாக்கில் உள்ள நேரங்களை மறுபடி பாருங்கள். இடைவெளி ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ரெடிஸை வரிசையாகப் பயன்படுத்தும்போது செலரியில் விசிபிலிட்டி டைம்அவுட் என்று ஓர் அமைப்பு உண்டு. நீங்கள் மாற்றாதவரை அதன் அளவு 3600 விநாடி. ஒரு வேலையை எடுத்துச் சென்ற வொர்க்கர் அந்த நேரத்துக்குள் ஒப்புகை (வேலையை வரிசையிலிருந்து நீக்கலாம் என்ற பதில்) தராவிட்டால், அது செத்துப்போய்விட்டது என்று கருதி, வேலை மீண்டும் வரிசையில் வைக்கப்படும். தாமதித்து ஓட வேண்டிய டாஸ்க் உரிய நேரம் வரும்வரை ரெடிஸில் காத்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வொர்க்கர் அதை உடனே எடுத்துத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, ஓடும் நேரம் வரும்வரை ஒப்புகை தராமல் இருக்கிறது. ஆகவே மணிக்கொரு பிரதி சேர்ந்து, 3.02-க்கு நான்கும் ஒன்றாக ஓடின.

செலரி அமைப்புகளில் புரோக்கர் டிரான்ஸ்போர்ட் ஆப்ஷன்ஸ் பகுதியில் அந்த நேரத்தை ஆறு மணி நேரமாக உயர்த்தினால் இன்றைக்கே இது நின்றுவிடும்.

பதில்: அஸ்தம்பட்டி வாசி

அண்ணன் சொன்ன காரணம் சரி. மருந்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நேரத்தை ஆறு மணி நேரமாக உயர்த்தினால், ஒப்புகை தராமல் வொர்க்கர் உண்மையாகவே செத்துப்போகும் நாளில், அது பிடித்து வைத்திருந்த வேலை திரும்பி வரவும் ஆறு மணி நேரம் ஆகலாம். நாளை கடைக்காரர் மூன்று நாள் கழித்து நினைவூட்டச் சொன்னால் மறுபடி உயர்த்துவீர்களா?

தொலைவில் உள்ள நேரத்தை வரிசைக்குள் வைக்காதீர்கள். நினைவூட்டல்களுக்குத் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை அமைத்து, பில் எண், அனுப்ப வேண்டிய நேரம், நிலை ஆகியவற்றை எழுதுங்கள். செலரி பீட் (குறித்த இடைவெளியில் டாஸ்க்குகளைத் தொடங்கிவைக்கும் பகுதி) நிமிடத்துக்கு ஒரு முறை நேரம் வந்த வரிகளை மட்டும் எடுத்து வரிசையில் போடட்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 9.5 பதிப்பு முதல் உள்ள ஸ்கிப் லாக்டு வசதியைச் சேர்த்தால், ஒருவர் பூட்டிய வரியை மற்றவர் தாண்டிச் சென்றுவிடுவார். பணம் வந்துவிட்டால் அந்த வரியை ரத்து செய்வதும் எளிது.

செவ்வாய்ப்பேட்டை நிரலர்

இருவருக்கும் நன்றி. அட்டவணை முறைக்கு மாறிவிட்டேன். நேற்று முழுவதும் ஒரு பாக்கிக்கு ஒரு செய்திதான் போயிருக்கிறது. மறைந்துபோகும் அறிக்கையைத் தேடியபோது, கெர்னல் (இயக்க முறைமையின் மையப் பகுதி) லாக்கில், நினைவகம் தீர்ந்தால் ஓடும் நிரலை நிறுத்தும் ஓஓஎம் கில்லர் பைத்தான் புராசஸைக் (ஓடிக்கொண்டிருந்த நிரலை) கொன்ற வரி கிடைத்தது. புராசஸ் செத்தது சரி, வேலை ஏன் திரும்பி வரவில்லை?

நாகலூர் மேட்டுக்காரன்

வேலையை ஓட்டத் தொடங்குவதற்குச் சற்று முன்பே ஒப்புகை தருவதுதான் செலரியின் இயல்பு. லீ பஜாரில் மூட்டையைத் தோளில் தூக்கியவுடனேயே கணக்குப்பிள்ளை 'சேர்ந்தது' என்று எழுதிவிடுவது போன்றது அது. ஏக்ஸ் லேட் அமைப்பை இயக்கினால் வேலை முடிந்த பிறகே ஒப்புகை போகும். அதிலும் ஒரு கண்ணி உண்டு: வேலையை ஓட்டும் சேய்ப் புராசஸ் இப்படிக் கொல்லப்பட்டால், அதைத் தொடங்கிவைத்த தாய்ப் புராசஸ் பிழைத்திருந்து அதன் சார்பில் ஒப்புகை தந்துவிடும். அதைத் தடுக்க ரிஜெக்ட் ஆன் வொர்க்கர் லாஸ்ட் என்பதையும் இயக்க வேண்டும். ஆனால் 2 ஜிபியில் அடங்காத அறிக்கை அப்போது மீண்டும் மீண்டும் வந்து வொர்க்கரைக் கொன்றுகொண்டே இருக்கும். ஆகவே முதலில் அறிக்கையைச் சிறிய பகுதிகளாகத் தயாரித்துச் சேர்த்துவிட்டு, பிறகு இவற்றை இயக்குங்கள். (இங்கே மலையில் மழை பலத்தால் மின்சாரம் போய்விடும், என் வீட்டுக் கணினியில் வொர்க்கர் பாதி வேலையில் சாவது மாதம் ஒரு முறையாவது நடக்கும் என்பதால் இந்தப் பாடம் எனக்கு இலவசமாகக் கிடைத்தது.)

அஸ்தம்பட்டி வாசி

அறிக்கைகளைத் தனி வரிசைக்கு மாற்றி, அதற்கென ஒரு நேரத்தில் ஒரே வேலையை மட்டும் எடுக்கும் வொர்க்கர் ஒன்றை வையுங்கள். இல்லாவிட்டால் மாத இறுதியில் சாதாரண பில்லும் அறிக்கைகளுக்குப் பின்னால் காத்திருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை நிரலர்

செய்துவிட்டேன். கடைசியாக ஒரு சந்தேகம்: குறுஞ்செய்தி நிறுவனத்தின் சர்வர் பதில் தராமல் நேரம் கடந்துவிட்டால், செய்தி போனதா இல்லையா என்று எப்படி அறிவது?

அஸ்தம்பட்டி வாசி

உங்கள் பக்கத்திலிருந்து மட்டும் அறிய வழியில்லை. பில் எண்ணையே கோரிக்கை எண்ணாக ஏற்று, இரண்டாவது முறை வந்தால் தள்ளிவிடும் வசதி அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எந்தத் தவறைப் பொறுக்க முடியும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 'அனுப்பியாயிற்று' என்று எழுதிவிட்டு அனுப்பினால் சில செய்திகள் போகாமல் போகலாம். அனுப்பிவிட்டு எழுதினால் சில இரண்டு முறை போகலாம். உள்நுழைவுக் குறியீடாக இருந்தால் நான் இரண்டாவதைத் தேர்ந்திருப்பேன்.

செவ்வாய்ப்பேட்டை நிரலர்

கடைக்காரரிடமே கேட்டேன். "போகாவிட்டால் நான் போன் போட்டுக்கொள்கிறேன், இரண்டு முறை மட்டும் போகக் கூடாது" என்றார். முதலில் எழுதிவிட்டே அனுப்புகிறேன்.